லேப்டாப்பில் மோசமான நெட்வொர்க்கை உருவாக்கிச் சோதிப்பது: இரட்டைப் பதிவு பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலிப்பவர்களுக்கான ஒரு செயலி. அலுவலகத்து ஃபைபர் இணைப்பில் பிரச்சினை இல்லை. குரோம் பிரௌசரின் டெவ்டூல்ஸில் (டெவலப்பர் கருவிகளில்) வேகத்தைக் குறைக்கும் "3ஜி" வைத்துப் பார்த்தீர்கள். மெதுவானது, ஆனால் எதுவும் உடையவில்லை. வெளியே போகிறவர்களோ இரண்டு புகார் சொல்கிறார்கள்: திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, சில சமயம் ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகிறது. "இதைவிட மோசமான நெட்வொர்க்கை என் கம்ப்யூட்டரிலேயே உருவாக்க எந்த டூல் நல்லது?" என்பது கேள்வி. டூல்களைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது, எந்த விதமான மோசத்தை உருவாக்கப் போகிறோம் என்பது. நீங்கள் சொன்ன இரண்டு புகாருமே வேகக் குறைவால் வருபவை அல்ல. எவ்வளவு வேகத்தைக் குறைத்தாலும் அவை உங்கள் மேசையில் தலைகாட்டாது.

குரோம் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அந்த 3ஜி அமைப்பு ஏறத்தாழ 400 கிலோபிட் வேகமும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 2 விநாடித் தாமதமும் வைக்கிறது. வைப்பது பேக்கெட் (தரவு பிரிந்து போகும் சிறு பொட்டலம்) அளவில் அல்ல, பிரௌசருக்குள் கோரிக்கை அளவில். கோரிக்கை நிஜமான நல்ல இணைப்பில் போய், பதில் நிஜமாகவே வந்துவிடுகிறது. அதைப் பக்கத்துக்குக் கொடுப்பதைத்தான் பிரௌசர் தாமதப்படுத்துகிறது. அதனால் எதுவும் தொலைவதில்லை. "ஆஃப்லைன்" என்று வைத்தால் உடனடியாகப் பிழை வரும், உங்கள் நிரல் கோடும் அந்தப் பிழையை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மலைப்பாதையிலோ ஓடும் ரயிலிலோ ஃபோன் "இணைப்பு இல்லை" என்று நேர்மையாகச் சொல்வதில்லை. சிக்னல் கோடு இரண்டு காட்டிக்கொண்டே இருக்கும். அனுப்பியதற்குப் பதில் வராது, பிழையும் வராது. கிணற்றில் போட்ட கல் மாதிரி. இந்த மௌனத்தைத்தான் நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை.

ஆக மூன்று நோய்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குழாய் சிறியது: பேண்ட்விட்த் குறைவு. இரண்டு, தூரம் அதிகம், அல்லது அது நிலையாக இல்லை: லேட்டன்சி (தாமதம்), ஜிட்டர் (தாமதம் ஏறி இறங்குவது). மூன்று, போனது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாத நிலை: இழப்பும் மௌனமும். முதலாவதைப் பெரும்பாலான செயலிகள் தாங்கிவிடும், படம் வரத் தாமதமாகும், அவ்வளவுதான். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை.

இரண்டாவதைக் காகிதத்திலேயே பாதி கணக்குப் போட்டுவிடலாம். போய்வர 300 மில்லிவிநாடி ஆகும் பாதையில், புதிய இணைப்புக்கு டிசிபி (தரவு தவறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) கைகுலுக்கல் ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3 (மறையாக்க நெறிமுறை) ஒரு சுற்று (பழைய 1.2 என்றால் இரண்டு), கோரிக்கையும் பதிலும் ஒரு சுற்று: முதல் பைட் வரவே 900 மில்லிவிநாடி. டிஎன்எஸ் தேடல் (பெயரிலிருந்து முகவரியைக் கண்டுபிடிப்பது) இதற்கு வெளியே. செயலி ஒரு திரைக்கு ஏழெட்டு ஏபிஐகளை (சர்வர் அழைப்புகளை) ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டால் 100 எம்பிபிஎஸ் இணைப்பிலும் அது ஊர்ந்துதான் போகும். இழப்பு கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம். 1997இல் மாத்திஸ் முதலானோர் கொடுத்த சூத்திரப்படி, பழைய ரீனோ வகை டிசிபியின் வேகம் தோராயமாக எம்எஸ்எஸ்ஸை (ஒரு பேக்கெட்டில் போகும் அதிகபட்சத் தரவு) சுற்று நேரத்தால் வகுத்து, 1.22ஆல் பெருக்கி, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 1460 பைட், 100 மில்லிவிநாடி, 1 சதவீத இழப்பு என்று போட்டுப் பாருங்கள்: சுமார் 1.4 எம்பிபிஎஸ். குழாய் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒரு இணைப்புக்கு அவ்வளவுதான். இன்று லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கியூபிக் என்ற வேகக் கட்டுப்பாட்டு முறைக்கு எண் கொஞ்சம் மாறும், பிபிஆர் என்ற முறை என்றால் நிறையவே மாறும். அதனால் இதை அளவின் தன்மையைக் காட்டும் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரச்சினை மூன்றாவதில் இருக்கிறது, அங்கேதான் நேரம் செலவிட வேண்டும். லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மௌனத்தை எவ்வளவு பொறுமையாகச் சகித்துக்கொள்ளும் என்பது பலருக்கும் தெரியாது. இணைப்பு தொடங்கும்போது அனுப்பும் சின் பேக்கெட்டுக்குப் பதில் இல்லை என்றால் 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே மறுமுறை அனுப்பும். 6.5க்கு முந்தைய கர்னல்களில் இயல்பாக 6 மறுமுயற்சிகள்; புதியவற்றில் தொடக்கத்தில் ஒரு விநாடி இடைவெளியில் இன்னும் சில சேரும். கைவிடுவதற்குள் இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடிவிடும். ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பில் அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராவிட்டால் இயல்பு அமைப்பில் 15 மறுமுயற்சிகள், கிட்டத்தட்ட 15 நிமிடம். இதைவிட மோசமான ஒரு நிலையும் உண்டு: கோரிக்கை போய்விட்டது, அதற்கான ஒப்புகையும் வந்துவிட்டது, அதன் பிறகு பாதை செத்துவிட்டது. இப்போது உங்கள் பக்கம் அனுப்ப எதுவும் பாக்கி இல்லை. டிசிபியைப் பொறுத்தவரை எல்லாம் நலம். கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிப்பது) போடாத சாக்கெட் (இணைப்பின் முனை) காலவரையின்றிக் காத்திருக்கும். போட்டிருந்தாலும் லினக்ஸின் இயல்பு அளவு 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரிப்பே நடக்கும். இதற்கு மேல், கோரிக்கை அனுப்பப் பயன்படும் லைப்ரரிகளின் (ஆயத்தக் கோடுகளின்) பழக்கம் வேறு. ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்சில் நீங்களாக நேர வரம்பு வைக்க வேண்டும். ஆக்ஸியோஸில் இயல்பு வரம்பு பூஜ்யம், வரம்பே இல்லை என்று அர்த்தம். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸும் அப்படியே. ஓகேஎச்டிடிபி இணைப்பு, வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி வைக்கிறது, ஆனால் முழு அழைப்புக்கும் சேர்த்து இயல்பாக எந்த வரம்பும் இல்லை. சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்துக்கு விடை பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

இரட்டைப் பதிவுக்கான நிலைமையும் இதேதான், மறுபக்கத்திலிருந்து பார்த்தால். கோரிக்கை சர்வருக்குப் போனது, பணம் பதிவானது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது. வசூலிப்பவருக்குத் திரையில் எதுவும் வரவில்லை. மறுபடி அழுத்துகிறார், அல்லது நடுவில் ஏதோ ஒரு லைப்ரரி அவருக்காக மறுபடி அனுப்புகிறது. இதை மேசையில் உருவாக்க நான் பரிந்துரைப்பது டாக்ஸிபிராக்ஸி. ஷாப்பிஃபை நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்டது. செயலிக்கும் சர்வருக்கும் நடுவே டிசிபி அளவில் உட்காரும் சிறிய பிராக்ஸி. அதில் "டைம்அவுட்" என்ற நச்சை (செயற்கைக் கோளாறுக்கு அந்தக் கருவி வைத்த பெயர்) "டவுன்ஸ்ட்ரீம்" பக்கத்தில், அதாவது சர்வரிலிருந்து செயலிக்கு வரும் திசையில் மட்டும், மதிப்பு 0 என்று வையுங்கள். கோரிக்கை சர்வருக்கு முழுதாகப் போகும், பதில் பிராக்ஸியைத் தாண்டி வராது, இணைப்பும் மூடாது. உங்களுக்கு வேண்டிய அதே மௌனம், ஒவ்வொரு தடவையும் தவறாமல். பிறகு "ரீசெட் பியர்" என்ற நச்சை வைத்து இணைப்பைப் பட்டென்று அறுத்துப் பாருங்கள். அதற்கு உங்கள் கோடு வேறு விதமாக நடந்துகொள்ளும். "லிமிட் டேட்டா" வைத்தால் பதில் பாதி வந்ததும் இணைப்பு மூடிவிடும். ஜேசன் வடிவில் பாதி மட்டும் வந்த பதிலைப் படித்து விழும் செயலிகள் எத்தனையோ உண்டு. எச்டிடிபிஎஸ் என்றால் சான்றிதழ் பெயர் பொருந்த வேண்டும். சோதனை சர்வரின் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1க்குத் திருப்பிவிட்டால் பொருந்தும். நேரலை சர்வரில் இதைச் செய்ய வேண்டாம், பணம் சம்பந்தப்பட்டது.

பிராக்ஸி வேண்டாம், கையிலேயே செய்கிறேன் என்றால் ஃபயர்வால் போதும், ஆனால் லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் "ரிஜெக்ட்" போடாதீர்கள், "டிராப்" போடுங்கள். ரிஜெக்ட் போட்டால் உடனே மறுப்புச் செய்தி திரும்பி வரும், அது கதவு மூடியிருக்கிறது என்று சொல்லும் நல்ல நெட்வொர்க். டிராப் போட்டால் பேக்கெட் சத்தமில்லாமல் மறையும். ஐபிடேபிள்ஸ் வைத்து "டைம்அவுட் சோதித்துவிட்டோம்" என்று சொல்பவர்களில் பலர் சோதித்திருப்பது மறுப்பை.

இனி பேக்கெட் அளவில் செய்ய வேண்டியவை. டாக்ஸிபிராக்ஸி டிசிபியை நடுவில் முடித்து மறுபடி தொடங்குவதால் பேக்கெட் இழப்பை அதில் காட்ட முடியாது. யுடிபி என்ற நெறிமுறையும் அதில் இல்லை, ஆகவே யுடிபி மேல் ஓடும் குவிக் வழியாகப் போகும் எச்டிடிபி/3 (வலை நெறிமுறையின் புதிய பதிப்பு) அதற்கு எட்டாது. அதற்கு லினக்ஸில் டிசி கட்டளையும் நெட்எம் என்ற கர்னல் பகுதியும் இருக்கின்றன. தாமதம், ஜிட்டர், இழப்பு, இரட்டிப்பு, வரிசை மாறுதல், சிதைவு, வேக வரம்பு எல்லாம் அதில் உண்டு. சக்தி வாய்ந்த கருவி, ஆனால் தவறான முடிவை நம்பிக்கையோடு கொடுக்கக்கூடியதும் அதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நெட்எம் வெளியே போகும் பேக்கெட்டுகளை மட்டுமே தொடும். லேப்டாப்பில் 300 மில்லிவிநாடித் தாமதம் வைத்தால் உங்கள் கோரிக்கை தாமதமாகும். இழப்பு வைத்தால் நீங்கள் அனுப்புவது தொலையும், சர்வர் அனுப்பும் பதில் தொலையாது. நமக்கு வேண்டியது பதில் தொலைவது. உள்ளே வருவதைக் கெடுக்க ஐஎஃப்பி என்ற போலி இடைமுகத்துக்கு அதைத் திருப்பி, அங்கே நெட்எம் போட வேண்டும். செயலியும் சர்வரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் லூப்பேக்கில் (கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசும் இடைமுகத்தில்) போடலாம் என்று தோன்றும். அங்கே கோரிக்கையும் பதிலும் ஒரே இடைமுகம் வழியாகவே போவதால் 100 வைத்தால் சுற்றுக்கு 200 ஆகும். லூப்பேக்கின் எம்டியு (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) 65536 பைட் என்பதால் உங்கள் முழுப் பதிலுமே ஒரே பேக்கெட்டாகப் போய், 2 சதவீத இழப்பில் பெரும்பாலும் எதுவுமே தொலையாது. நான் எப்போதும் செய்வது, நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (அதே கம்ப்யூட்டருக்குள் தனித்து இயங்கும் நெட்வொர்க்) ஒன்றை உருவாக்கி வீத் ஜோடியால் (இரு முனை கொண்ட மெய்நிகர் கம்பியால்) இணைத்து, ஜோடியின் இரு முனையிலும் தனித்தனியாக நெட்எம் போடுவது. போகும் திசைக்கு ஒரு குணம், வரும் திசைக்கு வேறு குணம் கொடுக்கலாம். மற்ற வேலைகளின் இணைய இணைப்பும் கெடாது. வீத்தில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பேக்கெட்டுகளைக் கட்டாகக் கையாளும் வசதிகள்) இரண்டையும் ஈத்டூல் கட்டளை வைத்து அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 64 கிலோபைட் வரை கட்டாகச் சேர்ந்து வரும் பேக்கெட்டுகள் ஒரே அடியில் விழும்.

அடுத்தது வரிசை நீளம். நெட்எம் இயல்பாக 1000 பேக்கெட்டுகள் வரைதான் வைத்துக்கொள்ளும். 100 எம்பிபிஎஸ் பாதையில் 200 மில்லிவிநாடித் தாமதம் என்றால் ஒரே நேரத்தில் 2.5 மெகாபைட், அதாவது 1500 பைட் பேக்கெட்டுகள் 1600க்கும் மேல், வழியில் இருக்க வேண்டும். மிச்சத்தை நெட்எம் தூக்கி எறியும், நீங்கள் தாமதத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு இழப்பை அளந்துகொண்டிருப்பீர்கள். லிமிட்டை உயர்த்துங்கள். மறுதலையாக, வேகத்தை 1 எம்பிபிஎஸ்ஸாகக் குறைத்துவிட்டு லிமிட்டை 1000லேயே விட்டால் வரிசை நிரம்பும்போது 12 விநாடித் தாமதம் சேரும். ஜிம் கெட்டிஸ் "பஃபர்புளோட்" என்று பெயரிட்டுப் பேசிய நோய் இதுதான். சில மலிவான ரூட்டர்களில் நிஜமாகவே இப்படி நடக்கும் என்பதால் இதையும் ஒருமுறை வேண்டுமென்றே சோதித்துப் பார்ப்பது நல்லது. தெரியாமல் நடந்தால்தான் ஆபத்து.

ஜிட்டர் வைக்கும்போது, தாமதம் பேக்கெட்டுக்குப் பேக்கெட்டு மாறுவதால் பின்னால் வந்தது முன்னால் போய்விடும். டிசிபி அதை இழப்பு என்று எண்ணி வேகத்தைக் குறைக்கும். வரிசை மாறுவது வேண்டாம் என்றால் நெட்எம்முக்கு உள்ளே பிஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும்) வரிசையை இணையுங்கள். இழப்பிலும் இதேபோல் ஒரு நுணுக்கம் உண்டு. "லாஸ் 2%" என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். அவற்றை டிசிபி வேகமாகச் சரிசெய்துகொள்ளும். நிஜத்தில் இழப்பு கொத்தாக வருகிறது. அதற்காகத்தான் கில்பர்ட், எலியட் இருவரும் 1960களில் கொடுத்த இரு நிலை மாதிரி நெட்எம்மில் "ஜிஇமாடல்" என்ற பெயரில் இருக்கிறது. நல்ல நிலையிலிருந்து கெட்ட நிலைக்கு 1 சதவீதம், திரும்பி வர 30 சதவீதம் என்று வைத்தால், மொத்த இழப்பு 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கெட்ட நிலைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் சராசரியாக மூன்று பேக்கெட் சேர்ந்து விழும். சின்னப் பதில்களின் கடைசி பேக்கெட்டுகள் சேர்ந்து விழுவதுதான் நீண்ட தேக்கத்தைக் கொடுக்கும். லாஸுக்குப் பின்னால் இரண்டாவது சதவீதமாகத் தொடர்பு அளவைக் கொடுக்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். அது சரியாக நடந்துகொள்ளாததால் கையேட்டிலேயே கைவிடச் சொல்லியிருக்கிறார்கள். தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் (தொலை உள்நுழைவு) வழியாக இதைச் செய்தால், அமைப்பைப் போடுவதற்கு முன்பே ஒரு நிமிடம் கழித்து அதைத் தானாக நீக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்களே வைத்த இழப்பு உங்களையே வெளியே தள்ளிவிடும்.

விண்டோஸில் "கிளம்ஸி" என்ற சிறிய திறந்த மூலக் கருவி போதுமானது. விண்டைவர்ட் என்ற பேக்கெட் பிடிக்கும் லைப்ரரி மேல் ஓடும், அட்மின் உரிமை வேண்டும், உள்ளே வருவது வெளியே போவது இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். மேக்கில் ஆப்பிளின் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர், எக்ஸ்கோடின் கூடுதல் கருவிகளோடு வரும். ஐஃபோனில் டெவலப்பர் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. "100% லாஸ்" அமைப்பைச் செயலி ஓடும்போது நடுவில் போட்டு எடுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் சோதிக்க எளிய வழி, பழைய லினக்ஸ் லேப்டாப் ஒன்றை வைஃபை ஹாட்ஸ்பாட் ஆக்கி, ஃபோனை அதில் இணைத்து, லேப்டாப்பின் இரண்டு இடைமுகங்களிலும் நெட்எம் போடுவது. வைஃபை பக்கம் போட்டது பதிவிறக்கத்தைக் கெடுக்கும், மறுபக்கம் போட்டது பதிவேற்றத்தைக் கெடுக்கும். ஐஎஃப்பி தொல்லையே இல்லை. ஃபேஸ்புக் 2015இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஆக்மென்டட் டிராஃபிக் கன்ட்ரோல் இதே யோசனைதான். அதே ஆண்டு அவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஊழியர்கள் விரும்பினால் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஏற்பாடும் வைத்தார்கள். கருவி இப்போது பராமரிப்பில் இல்லை, யோசனை இன்னும் செல்லும்.

எந்த எண்களை வைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் எந்த அதிகாரபூர்வ அட்டவணையும் இல்லை. டூல்களில் வரும் "3ஜி", "எட்ஜ்" எல்லாம் அவரவர் தேர்ந்த எண்கள். நான் தொடங்குவது சுற்றுக்கு 300 மில்லிவிநாடி, ஜிட்டர் 100, இறக்கம் 1 எம்பிபிஎஸ், ஏற்றம் 256 கிலோபிட், மேலே சொன்ன கொத்து இழப்பு. அதற்கு மேல் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட், 20 விநாடி நல்ல நிலை, 15 விநாடி முழு மௌனம் என்று மாற்றிக்கொண்டே இருக்கும். இவை என் தேர்வு, அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் போகும் தடங்களில் செயலியே ஒவ்வொரு அழைப்புக்கும் ஆன நேரத்தையும் தோல்வியின் வகையையும் பதிந்து அனுப்பட்டும். இரண்டு வாரப் பதிவு என் எண்களைவிட மேலானது.

மேசையில் முழுதாகக் கொண்டுவர முடியாதவை சிலவும் உண்டு. எல்டிஇயில் (4ஜி) ரேடியோ அடுக்கே தொலைந்ததை மறுபடி அனுப்பிவிடுவதால், சிக்னல் கெட்டால் மேலே தெரிவது பெரும்பாலும் இழப்பாக அல்ல, திடீர்த் தாமதமாக. அதனால் மொபைலுக்கு இழப்பைவிட, சில விநாடி தேங்கி ஒரேயடியாகக் கொட்டும் தாமதமே நிஜத்துக்கு நெருக்கம். சும்மா இருந்த ஃபோன் ரேடியோவை எழுப்ப எடுக்கும் நேரம், மொபைல் நிறுவனத்தின் நேட் பெட்டி (ஐபி முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் கருவி) பேசாமல் கிடந்த இணைப்பை மறந்துவிடுவது, இவை நெட்எம்மில் இல்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி மாறி, திறந்திருந்த டிசிபி இணைப்புகள் அனாதையாகும். இதை மட்டும் ஃபோனில் கையால் மாற்றியே பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள்.

சோதனையில் இரட்டைப் பதிவு வந்துவிட்டால், டைம்அவுட்டைக் கூட்டுவது தீர்வல்ல. வசூலிப்பவர் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்திலேயே செயலி ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, ஃபோனில் சேமித்து, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். சர்வரின் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை பதிய விடாத விதி) இருக்க வேண்டும். இரண்டாவது முறை வந்தால் பிழை சொல்லாமல், முதல் முறை கொடுத்த அதே பதிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செயலி மூடித் திறந்த பிறகும் இது நிற்கிறதா என்று டாக்ஸிபிராக்ஸியின் அதே நச்சை வைத்துப் பாருங்கள்.

மறுபடி அனுப்புவது மனிதரா, கோடா என்பதை உங்கள் கேள்வியிலிருந்து என்னால் சொல்ல முடியாது. இன்றைக்கே சர்வர் லாகைத் திறந்து, இரட்டையாகப் பதிவான ஜோடிகளுக்கு இடையிலுள்ள நேரத்தைக் குறித்துப் பாருங்கள். 10 அல்லது 30 அல்லது 60 விநாடி என்று எல்லா ஜோடியிலும் ஏதாவது ஒரே அளவாக இருந்தால் ஏதோ ஒரு லைப்ரரியோ லோட் பேலன்சரோ (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது) நேர வரம்பு முடிந்ததும் தானாக அனுப்புகிறது, அதன் அமைப்பைத் தேடுங்கள். 7, 23, 41 என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் விரல்தான் அழுத்தியிருக்கிறது; முதல் அழுத்தலுக்குப் பின் திரை என்ன காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.